சும்மா தொங்கிய ஐந்தாம் இலக்கம்

பிள்ளை, மூன்று கிழமையாக நீ என் அழைப்பை எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நான் போட்டதையெல்லாம் பார்த்துவிட்டாய் என்று இரண்டு நீலக் கோடு காட்டுகிறது. பார்த்த பிறகு ஒரு சொல் எழுத உன் விரல் வளையவில்லை. அப்பாவோடு மட்டும் கதைக்கிறாய். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் அந்த உணவகத்துக் குசினியில் மீன் செதில் சுரண்டிக்கொண்டு, ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உனக்கு ஓம் ஓம் என்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "இஞ்சரும், அவள் சாப்பிட்டிட்டாளாம்" என்கிறார். அவ்வளவுதான். நீ சாப்பிட்டாயா என்று அறியவா நான் மூன்று கிழமையாகக் காத்திருக்கிறேன்? அதனால்தான் தாளை எடுத்தேன். அழைப்பை வெட்டுவதுபோல் தாளை வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் இதனோடு பெட்டிக்குள் என்ன வருகிறது என்று பார்க்காமல் கிழிக்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

விஷயம் அந்த ஜேர்சிதான். உனக்குத் தெரிந்த கதைதான், என்றாலும் முதலிலிருந்து சொல்லப்போகிறேன், ஏனென்றால் கோபத்தில் நீ பாதியைத்தான் கேட்டாய், மற்றப் பாதியை நானும் ஒழுங்காகச் சொல்லவில்லை. நீ அமெரிக்காவில் படித்த கல்லூரியில், கூடைப்பந்து அரங்கின் கூரையடியில், ஐந்தாம் இலக்கத்தை மறுபடி ஏற்றப்போகிறார்கள். மாசி மாதம், இந்தப் பருவத்தில் அந்த அரங்கில் நடக்கும் கடைசி ஆட்டத்தன்று. அந்த இலக்கத்துக்குச் சொந்தக்காரரான டோரதி, ஒரு காலத்தில் அதே கல்லூரிக்கு ஆடியவர், இப்போது எண்பது வயதை நெருங்குகிறவர், நீ போட்டு ஆடிய ஜேர்சியை உன் கையால் கொண்டுவந்து தந்தால்தான் ஏற்றவிடுவேன் என்று நிற்கிறார். கல்லூரி உனக்கு எழுதியது. வேலை இருக்கிறது, வரமுடியாது என்று நீ இப்போது இருக்கிற பொலோஞாவிலிருந்து இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டாய். அதன் பிறகுதான் அவர் கையால் ஒரு கடிதம் எழுதி நம்முடைய ஒரேத்தோ வீட்டு விலாசத்துக்கு அனுப்பினார். கல்லூரிப் பதிவில் இன்னும் இந்த வீடுதானே இருக்கிறது.

உறையில் உன் பெயர் இருந்தது. நான் உடைத்தேன். ஏதும் அவசரமான பத்திரமோ என்று பயந்து உடைத்தேன் என்று அப்பாவுக்குச் சொன்னேன். அது பொய். உன்னிடம் கேட்டால் நீ சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் உடைத்தேன். ஐந்து வயதிலிருந்து உனக்கு ஒரு சொல் இருக்கிறது: "நியெந்தே." இத்தாலியனில் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றால் நியெந்தே. ஏன் முழங்கால் வீங்கியிருக்கிறது என்றால் நியெந்தே. ஒன்றுமே நடக்காத பிள்ளைக்கு ஏன் முகம் இப்படித் தொங்குகிறது என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் உளைந்துபோயிற்று. இன்னொருவருக்கு வந்த கடிதத்தை உடைப்பது தப்பு. ஆனால் நீ வாயைத் திறந்திருந்தால் நான் உறையைத் திறந்திருக்கமாட்டேன்.

ஐந்து உன்னோடு எப்படி ஒட்டியது என்பது நினைவிருக்கிறதா? நான் வேலை செய்கிற வீட்டுக்காரி, அந்தச் சின்யோராவின் வீட்டு வேலை முடிய எனக்கு ஆறு மணியாகும். பள்ளிக்கூடம் அதற்கு வெகு முன்பே விட்டுவிடும். பங்குக் கோயில் முற்றத்தில் பிள்ளைகளைப் பந்து விளையாட விடுகிறார்கள், என்ன சமயம் என்று கேட்கமாட்டார்கள் என்று மேல்வீட்டு மன்னார் அக்கா சொல்லித்தான் உன்னை அங்கே கொண்டுபோய் விட்டேன். அங்கே சட்டைகளில் சின்ன இலக்கம் சின்ன அளவு, பெரிய இலக்கம் பெரிய அளவு. நீ ஈர்க்குச்சி மாதிரி இருந்தாய், உனக்கு ஐந்து வந்தது. அதுவும் முழங்கால்வரை தொங்கியது. நான் வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தேன். நீ பிறந்தது இருபத்துமூன்றாம் திகதி, கூட்டினால் ஐந்து, புதனுடைய எண். ஊரில் சாத்திரியாருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஓம், பிள்ளைக்கு ஐந்து திறம் என்றார். அவர் எதைக் கேட்டாலும் ஓம் என்கிற மனுசன் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் மனம் நிறைந்துபோயிற்று. பத்து வருடம் நீ ஐந்தோடு ஓடினாய், சனிக்கிழமை தோறும் நான் ஐந்தைத் தோய்த்துப் பல்கனியில் காயப்போட்டேன்.

பிறகு அமெரிக்கா. இத்தாலியில் நடந்த ஒரு போட்டியில் உன்னைப் பார்த்துவிட்டு அந்தச் சின்னக் கல்லூரி உன்னைக் கூப்பிட்டதும், நம்முடைய ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்து வாழ்த்தியதும், மற்றப் பாதிப் பேர் பெண்பிள்ளையைப் பந்து விளையாட இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று கேட்டதும் உனக்குத் தெரியும். போய் இரண்டாம் கிழமை நீ வீடியோவில் வந்து அரங்கைச் சுற்றிக் காட்டினாய். உனக்கு முப்பத்தொன்று தந்திருந்தார்கள். மூன்றும் ஒன்றும் நாலு. நாலு ராகு. அப்போதுதான் நீ ரெலிபோனை மேலே திருப்பினாய். கூரையடியில் பெரிய துணியில் ஐந்து.

"உதென்ன, அங்கை அஞ்சு தொங்குது?"

"அது டோரதி எண்டு ஒருத்தற்றை நம்பர் அம்மா. அவ நல்லா விளையாடினபடியால் இனி ஒருத்தரும் போடக்கூடாது எண்டு எடுத்து மேலை தொங்கவிட்டிருக்கினம்."

"இப்ப ஆரும் போடினமோ?"

"இல்லையம்மா. அதுதானே சொல்லுறன், ஒருத்தரும் போடேலாது."

"பிறகென்ன. ஒருத்தரும் போடாமல் சும்மா தானே தொங்குது. கேட்டுப் பாரன்."

நீ சிரித்தாய். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாய். நான் பகிடி விடவில்லை. பிள்ளை, நான் முப்பது வருடமாக மற்றவர்கள் வீட்டில் வேலை செய்கிறவள். சின்யோராவின் அலுமாரியில் மடித்தபடி கிடக்கும் மேசை விரிப்புகளைப் பார்த்தாலே எனக்குக் கை துறுதுறுக்கும். சும்மா கிடக்கிற சாமானைக் கண்டால் அது யாருக்கு உதவும் என்றுதான் என் புத்தி போகும். ஒரு இலக்கத்தை, அதுவும் நல்ல இலக்கத்தை, ஒருவருக்கும் கொடுக்காமல் நாற்பது வருடம் கூரையில் கட்டிவைப்பார்களா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது. நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்ததும் நானே உன் பயிற்சியாளருக்கு ஈமெயில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தைத் தூசி தட்டி, இரண்டு நாள் இருந்து எழுதினேன். என் மகள் இருபத்துமூன்றாம் திகதி பிறந்தவள், பத்து வருடம் ஐந்தோடு விளையாடியவள், நாலு அவளுக்குக் கூடாது, மேலே உள்ளது பாவனையில் இல்லை என்று அறிகிறேன், தயவுசெய்து ஆவன செய்யவும்.

பயிற்சியாளர் அதை வாசித்துவிட்டு டோரதிக்கு எடுத்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். டோரதி சிரிக்கவில்லையாம். இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு தாய் கேட்கிறாள், இறக்கிக் கொடுங்கள் என்றாராம். ஒரு மாதத்தில் துணி இறங்கியது, உன் முதுகில் ஐந்து ஏறியது. நான் அந்தப் படத்தை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அனுப்பினேன். என் பிள்ளைக்காகக் கூரையிலிருந்து இறக்கினார்கள் என்று கபோ சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவனுக்குக்கூடச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் உன் முகத்தைப் பார்த்து, வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் முழங்கால் போயிற்று. அதைக்கூட நீ பத்து நாள் கழித்துத்தான் சொன்னாய். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைமேல் புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குச் செருப்பில்லாமல் ஏறிப்போய், நேர்த்திக்கு ஒரு சின்ன வெள்ளிக் கால் வாங்கிச் சுவரில் தொங்கவிட்டு வந்தேன். கால் சுகமாகியது. ஆனால் அதன் பிறகு நீ ஆடியதைவிட ஓரத்தில் வாங்குப் பலகையில் இருந்ததுதான் கூட. "இண்டைக்கு விளையாடினியோ?" என்பேன். "ஓம், கொஞ்சம்." "ஏன் கொஞ்சம்?" "நியெந்தே." நானும் விட்டுவிட்டேன். படிப்பு நடக்கிறது, சாப்பாடு நடக்கிறது, பந்து கொஞ்சம் குறைந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். உன் பயிற்சியாளருக்கு ஈமெயில் எழுதத் தெரிந்த எனக்கு, உன்னிடம் இரண்டாவது தரம் கேட்கத் தெரியவில்லை.

அடுத்தது ஊருக்கு அனுப்பிய பெட்டி. இதைச் சொல்லும்போது எனக்கே என்மேல் எரிச்சலாக இருக்கிறது, அதனால் கேட்டுக்கொண்டிரு. நீ பட்டம் பெற்று வந்து, பொலோஞாவில் வேலை கிடைத்துப் புறப்படும்போது, அந்த ஜேர்சியைப் பிளாஸ்ரிக் பையில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாய். "அம்மா, இதைத் தொடாதேங்கோ" என்றாய். நீ அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை என்று ரெலிபோனில் சொன்னேன் அல்லவா? நினைவிருந்தது. நன்றாக நினைவிருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் பெட்டி கட்டுகிற நாள் வந்தது. சவர்க்காரம், மீன் ரின், கோப்பித்தூள், அப்பாவின் பழைய குளிர்ச்சட்டை எல்லாம் வைத்து முடிய, மூலையில் ஒரு உடுப்பளவு இடம் இருந்தது. பெட்டியில் இடம் விட்டுக் கப்பலில் ஏற்ற எந்தத் தமிழ்த் தாய்க்கு மனம் வரும்? அலுமாரியைத் திறந்தேன். நல்ல துணி, ஒரு வருடமாக யாரும் போடவில்லை, தம்பியின் மகள் கீர்த்தனாவுக்கு அளவாக இருக்கும். எடுத்துச் செருகினேன். அப்பா கேட்டார், "நீர் அவளின்ரை சாமானை எடுத்தனீரோ?" என்று. "சும்மா தானே கிடக்குது" என்றேன். அதே சொல். நாலைந்து வருடத்துக்குப் பிறகும் எனக்கு அதே சொல்தான் வந்தது.

டோரதியின் கடிதத்தை வாசித்துவிட்டுத்தான் எனக்கு வேர்த்தது. உனக்கு எடுத்தேன், ஜேர்சி இங்கே இல்லை என்று சொன்னேன். நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன், கத்தினாய். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான், என்ரை சாமான் எல்லாத்திலையும் உங்கடை கை" என்றாய். அதுவரை சரி, தாய் என்றால் அது கேட்கிற பேச்சுத்தான். அதற்குப் பிறகு குரல் இறங்கி ஒன்று சொன்னாய். "அந்த நம்பரைப் போட்டுக்கொண்டு நான் நாலு வருசம் வாங்கிலை இருந்தன் அம்மா. சனம் மேலை பாக்கும், அஞ்சு தொங்கின இடம் வெறுமையா இருக்கும். பிறகு கீழை என்னைப் பாக்கும். ஒவ்வொரு மேட்ச்சும்." அதோடு வெட்டிவிட்டாய்.

அதைக் கேட்டு நான் சின்யோரா வீட்டுப் படிக்கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். நாலு வருடம் பிள்ளை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் வந்து, என்ன சமைத்தீர்கள் என்று கேட்டாய். இதை ஒரு நாள் சொல்லியிருக்கலாமே. அம்மா, நீங்கள் கேட்டு வாங்கித் தந்தது என்னை அழுத்துகிறது என்று ஒரு வரி. நான் அழுதிருப்பேன், சாத்திரியாரைத் திட்டியிருப்பேன், உன்னையும் திட்டியிருப்பேன், ஆனால் அடுத்த நாளே முப்பத்தொன்றைத் திருப்பிக் கொடுங்கள் என்று இன்னொரு ஈமெயில் எழுதியிருப்பேன். ராகுவாவது மண்ணாவது. உன் கஷ்டத்தை எனக்குத் தெரியாமல் வைத்திருப்பது எனக்குச் செய்கிற உதவி என்று உனக்கு யார் சொன்னது?

உனக்கு நான் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நானும் விளையாடினவள். சிரிக்காதே. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணியில் இருந்தேன். எங்களுக்கு இலக்கம் கிடையாது. எந்த இடத்தில் நிற்கிறோமோ அந்த இடத்தின் எழுத்தை ஒரு துணியில் எழுதி, சட்டைக்கு மேலே கட்டிக்கொள்வோம். நான் நடுவில் ஆடுகிறவள், எனக்கு நடுவுக்குரிய எழுத்து. பாதி ஆட்டத்தில் களைத்துப்போனால் அந்தத் துணியை அவிழ்த்து அடுத்தவளுக்குக் கட்டிவிட வேண்டும். வியர்வையோடு, அப்படியே. அவள் முகத்தைச் சுழிப்பாள், பிறகு ஓடுவாள். நான் நல்லாகத்தான் விளையாடினேன், ஆனால் என் துணியை எடுத்துக் கூரையில் கட்டியிருந்தால் அடுத்த பிள்ளை எதைக் கட்டிக்கொண்டு இறங்குவாள்? எனக்குத் தெரிந்த விளையாட்டு அது. அதை வைத்துத்தான் உன்னுடைய விளையாட்டையும் அளந்தேன். அளவுகோல் பிழை என்று இப்போது தெரிகிறது. முழுக்கப் பிழை என்று இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதே கிழமை தம்பி வீட்டுக்கு எடுத்தேன். கீர்த்தனாதான் எடுத்தாள். அவள் இப்போது பள்ளிக்கூட அணியில், என்னைப்போல நடுவில். ஜேர்சி எங்கே என்று கேட்டேன்.

"போட்டுக்கொண்டுதான் நிக்கிறன் மாமி. இப்பதான் பிரக்ரிஸ் முடிஞ்சு வந்தனான். ஏன் மாமி?"

"ஒவ்வொரு நாளும் போடுறனியோ?"

"ஓம். இதைத்தான் போடுறன். அஞ்சு கொஞ்சம் கழண்டு போச்சு, அம்மா நூலாலை பிடிச்சுத் தந்தவ. மச்சாளிட்டைச் சொல்லுங்கோ, நல்ல சட்டை எண்டு."

என்னால் உடனே கேட்க முடியவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கேவலமான வேலை என்று அந்த நிமிடத்தில்தான் பட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இது போடக்கூடாத சட்டையோ மாமி?" என்று கேட்டாள். பயத்தில் அவள் குரல் சின்னதாகிவிட்டது. "தோய்ச்சு மடிச்சு அனுப்பட்டோ?" என்றாள். அனுப்பு, ஆனால் தோய்ப்பதா வேண்டாமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இலக்கம் ஏற்கெனவே கழன்றுபோயிருக்கிறது, இனித் தோய்த்தால் ஐந்து ஐந்தாகவே வராது என்று எனக்குக் கவலை.

இனித்தான் நீ கேட்காத பாதி. டோரதியின் கடிதத்தின் அடியில் ஒரு ரெலிபோன் இலக்கம் இருந்தது. அப்பா, "விடும், அவள் பாத்துக்கொள்ளுவாள்" என்றார். நீ பார்த்துக்கொண்ட அழகைத்தான் நான் பார்த்துவிட்டேனே. அவர்களுக்கு விடிந்து, எனக்குப் பின்னேரமாகிய ஒரு நேரத்தில், சின்யோரா நித்திரையாக இருக்கும்போது, எடுத்தேன். நான்தான் அந்த ஈமெயில் எழுதிய தாய் என்றேன். ஜேர்சியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டேன், அங்கே என் தம்பியின் மகள் தினமும் போட்டுக்கொண்டு விளையாடுகிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மனுசி சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். எந்த நாடு, என்ன விளையாட்டு, மண் தரையா, சிமெந்துத் தரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தோய்க்க வேண்டாம், அது எங்கெல்லாம் போயிற்று என்று நான் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கவனமாக வாசி, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இலக்கம் மேலே தொங்கிய நாற்பது வருடத்தில் ஒருவரும் தன்னை ஒரு ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை என்றார். ஏற்றிய அன்று கைதட்டினார்களாம், பிறகு மறந்துபோனார்களாம். நீ போட்ட பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு இருக்கை தந்தார்கள். நாலு வருடம், பனி பெய்தாலும், அவர் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. அந்தப் பிள்ளை ஆடினாலும் இருந்தாலும் எனக்குப் பார்க்க ஒரு ஆள் இருந்தது என்றார். முழங்கால் கட்டோடு நீ வாங்கில் இருந்து மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுத்ததுகூட அவருக்கு நினைவிருக்கிறது. நான் அதைக் கண்டதேயில்லை. எனக்கு ஒரு பொல்லாத பொறாமையே வந்தது.

பிறகு ஒன்று கேட்டார். உங்கள் மகளுக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் நான் அவளோடு கதைக்கலாம் என்று வாசலில் நிற்பேன், அவள் மற்ற வாசலால் போய்விடுவாள், விருப்பமில்லாத ஒன்றை அவள் தலையில் கட்டிவிட்டேனோ என்று நாலு வருடமாக யோசிக்கிறேன் என்றார். வருகிற வசந்தத்தோடு அவர் தன் மகள் வீட்டுக்கு, வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறார். இனி அந்த அரங்குக்கு வரமாட்டார். அதனால்தான் கல்லூரி இப்போது ஏற்றுகிறது. அதனால்தான் அவர் நீ வர வேண்டும் என்று நிற்கிறார். துணியை வாங்குவதற்காக இல்லை, உன்னை ஒருமுறை முன்வாசலில் பிடிப்பதற்காக.

எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுதத் தாள் போதாது. நீ வெட்கத்தில் பின்வாசலால் போனாய். அவர் அதைக் கோபம் என்று எடுத்தார். நீ நான்கு வருடம் அவர் கண்ணில் தாழ்ந்துவிட்டதாக நினைத்தாய், அவர் நான்கு வருடம் உன் கண்ணில் தாழ்ந்துவிட்டதாக நினைத்தார். இரண்டு பேரும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தீர்கள். ஒருவர் வாயைத் திறந்திருந்தால் முடிந்திருக்கும். இப்போது என்னோடும் அதையே செய்கிறாய். கோபத்தில் எடுக்கவில்லையா, துக்கத்தில் எடுக்கவில்லையா என்று தெரியாமல் நான் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எது என்றாலும் சொல். கோபம் என்றால் கோபம் என்று சொல். எனக்குத் தாங்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி ரொசாலியாவிடம் போனேன். இந்த முறை செருப்போடு, இப்போது என் முழங்காலும் உன்னுடையதைப் போல ஆகிவிட்டது. உனக்காக நான் கட்டிய வெள்ளிக் கால் இன்னும் அதே இடத்தில் தொங்குகிறது, கொஞ்சம் கறுத்திருக்கிறது. பக்கத்தில் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. யாராவது ஒரு பெண் வந்து, இந்தக் கால் சும்மா தானே தொங்குகிறது, என் பிள்ளைக்குக் கழற்றித் தாருங்கள் என்று கேட்டால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். அவளை அந்த மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். டோரதியிடம் நான் கேட்டது அதைத்தான். அவர் கழற்றித் தந்தார். எனக்கு அங்கே அழுகை வந்தது, பக்கத்தில் நின்ற சிசிலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ நேர்த்தி பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

ஆகவே இதைக் கேட்டுக்கொள். அந்த இலக்கத்தை நீ கேட்கவில்லை. நான் கேட்டேன். நீ அதற்கு ஏற்றவளா இல்லையா என்று யாரும் உன்னை வைத்து அளந்திருந்தால், அவர்கள் அளந்திருக்க வேண்டியது என்னைத்தான். ஜேர்சியை எடுத்து அனுப்பியதும் நான். இரண்டு முறையும் உன்னுடைய ஒன்றில் உன்னைக் கேட்காமல் கை வைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, சின்யோராவிடம் முப்பது வருடமாக ஸ்கூசி ஸ்கூசி என்று சொல்லி அந்தச் சொல் எனக்குத் தேய்ந்துபோய்விட்டது. ஆனால் உன்னிடம் கேட்கிறேன். தமிழில் கேட்கிறேன். மன்னித்துக்கொள் பிள்ளை.

ஊருக்குப் போய் வந்த கபோக் கடைக்கார அண்ணையின் கையில் கீர்த்தனா ஜேர்சியைக் கொடுத்துவிட்டாள். நேற்று வாங்கினேன். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கழுத்தில் சிவப்பு மண் இருக்கிறது. ஐந்தின் வளைவில் உன் மாமி பச்சை நூலால் தைத்திருக்கிறா, வீட்டில் வேறு நூல் இல்லையாம். என் வாழ்நாளில் இந்த வீட்டுக்கு வந்த எந்த உடுப்பையும் ஒரு நாள் தோய்க்காமல் விட்டதில்லை. இதை விட்டிருக்கிறேன். பையைக் கட்டி, இரண்டு முறை அவிழ்த்து, இரண்டு முறையும் திருப்பிக் கட்டினேன். அதற்காகவாவது என்னை நம்பு.

கார்த்திகை முடிய முன்னர் நீ கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்ட தாயையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று டோரதி சொன்னார். சின்யோராவிடம் மாசியில் இரண்டு கிழமை லீவு கேட்டிருக்கிறேன், கேட்டுத்தான் வைத்திருக்கிறேன். நீ வா என்று சொன்னால் வருவேன். சொல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன், இந்த முறை நானாகக் கேட்கமாட்டேன். போக மனமில்லை என்றால், சரி, அதுவும் உன் விருப்பம். டோரதிக்கு நீயே எடுத்து, கோபமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜேர்சியைக் கீர்த்தனாவுக்குத் திருப்பி அனுப்பு. தையில் அவளுக்குப் போட்டி இருக்கிறது, இப்போது தமையனின் கிழிந்த பெனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாளாம். மேலே ஏற்று, இல்லையென்றால் அவளுக்கு அனுப்பு. இரண்டில் எதைச் செய்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அலுமாரிக்குள் மட்டும் வைக்காதே.

அம்மா